தயாரிப்பு நிறுத்தப்பட்ட எலெக்ட்ரிக் கிட்டாரை அடையாளம் காண்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பரணிலிருந்து இறக்கிய ஒரு கிட்டார். வெளிநாட்டில் வேலை பார்த்த சித்தப்பா விட்டுப்போன ஒன்று. விற்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நான்கு மங்கலான படங்கள். மூன்றிலும் எழும் கேள்வி ஒன்றுதான்: இது என்ன மாடல், எந்த வருஷத்தது?

பெரும்பாலானவர்கள் ஹெட்ஸ்டாக்கில் (ட்யூனர்கள் இருக்கும் தலைப்பகுதி) உள்ள பெயரைப் பார்ப்பார்கள், சீரியல் நம்பரை இணையத்தில் தட்டுவார்கள், வருகிற வருஷத்தை அப்படியே நம்பிவிடுவார்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். பெயர் என்பது பல கிட்டார்களில் வெறும் ஸ்டிக்கர். சீரியல் நம்பர் உள்ள தகட்டை நான்கு திருகாணியில் மாற்றிவிடலாம். மரத்தை வெட்டியிருக்கும் விதம், நெக் (நீண்ட கழுத்து) பாடியோடு (உடல்) சேரும் இடம், போட்ட துளைகள் இவற்றை மாற்றுவது கடினம். மாற்றினாலும் தடம் இருக்கும்.

இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றேன். பெரிய ஹெட்ஸ்டாக், பின்னால் மூன்று போல்ட் தகடு, எஸ்8 என்று தொடங்கும் நம்பர் எல்லாம் இருந்த ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் (ஃபெண்டர் கம்பெனியின் மாடல், சுருக்கமாக ஸ்ட்ராட்) காட்டி, "சார், இது எழுபத்தெட்டு மாடல், ஒரிஜினல்" என்றார் விற்றவர். வாங்கி வீட்டுக்கு வந்த பிறகுதான் நெக்கைக் கழற்றினேன். நெக் உட்காரும் பள்ளத்தில் மூன்று துளைகள் இருந்தன. அவற்றைச் சுற்றி, மரக்குச்சி வைத்து அடைத்த இன்னும் நான்கு துளைகள். நான்கு போல்ட் போட வேண்டிய வேறு ஏதோ ஒரு பாடியை மூன்று போல்ட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். கடையிலேயே ஐந்து நிமிடம் கேட்டுக் கழற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

படி 1: தொடும் முன் படம் எடுங்கள்

முன்பக்கம், பின்பக்கம், ஹெட்ஸ்டாக்கின் இரு புறம், நெக் ஜாயின்ட், பிரிட்ஜ், எல்லாத் திருகாணிகளின் தலை. பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல். துடைக்காதீர்கள், பாலிஷ் போடாதீர்கள், கம்பி மாற்றாதீர்கள். திருகாணித் தலையில் உள்ள துருவும் அழுக்கும்கூடச் சாட்சிதான். எல்லாத் திருகாணியும் ஒரே மாதிரி மங்கியிருக்க, ஒன்று மட்டும் பளபளவென்று இருந்தால் அந்த இடத்தை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

தேவையானவை: சரியான அளவு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், மில்லிமீட்டர் டேப், டார்ச், ஒரு கேப்போ (நெக்கில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்). கைக்குள் அடங்கும் புற ஊதா விளக்கு இருந்தால் இன்னும் நல்லது. பழைய நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் அந்த வெளிச்சத்தில் மஞ்சளும் பச்சையுமாக ஒளிரும். பின்னால் தொட்டுப் பூசிய இடம் அதில் கரும்படலமாகத் தனித்துத் தெரியும்.

படி 2: ஸ்கேல் நீளம்

நட்டிலிருந்து (ஹெட்ஸ்டாக் தொடங்கும் இடத்தில் கம்பிகள் பதியும் சிறு பட்டை) 12வது ஃபிரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள்; அதுதான் ஸ்கேல் நீளம். 324 மி.மீ. வந்தால் மொத்தம் 648, அதாவது ஃபெண்டரின் 25.5 அங்குலம். 314 வந்தால் 628, கிப்சனின் 24.75 அங்குலம். 305 வந்தால் 24 அங்குலம்: ஃபெண்டர் ஜாகுவார், மஸ்டாங் போன்ற குட்டை ஸ்கேல் வகை. ஒரே அளவில் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். கிப்சனின் லெஸ் பால் மாடல் வடிவத்தில் இருக்கும் கிட்டாரில் 324 வந்தால், அது கிப்சன் இல்லை என்று கிட்டத்தட்ட முடிவு கட்டிவிடலாம்.

படி 3: ஹெட்ஸ்டாக்கும் நெக் சேரும் இடமும்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

ஃபெண்டர் கம்பெனியை 1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. அந்த வருஷக் கடைசியில் ஸ்ட்ராட்டின் ஹெட்ஸ்டாக் பெரிதானது. 1981 வரை அப்படியே இருந்தது. 1971 கடைசியில் நான்கு போல்ட் தகடு மூன்று போல்ட்டாக மாறியது. அதே சமயம் ஹெட்ஸ்டாக்கில், நட்டுக்கு அருகே துப்பாக்கிக் குண்டு போல ஒரு உலோக மூக்கு வந்தது. நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பியை முறுக்க அதுதான் வழி; அதற்கு முன் அந்தத் திருகு நெக்கின் அடியில், பாடியை ஒட்டி இருந்தது. ஆக, பெரிய ஹெட்ஸ்டாக்கோடு நான்கு போல்ட் என்றால் 1965 கடைசி முதல் 1971 வரை. பெரிய ஹெட்ஸ்டாக், மூன்று போல்ட், குண்டு மூக்கு மூன்றும் சேர்ந்தால் 1971 முதல் 1981 வரை. இவற்றில் ஒன்று ஒத்துப்போகாவிட்டால் அது பிற்கால மறுபதிப்பாக இருக்கலாம், அல்லது என் கிட்டார் போலக் கலவையாக இருக்கலாம்.

ஃபிரெட்போர்டையும் பாருங்கள். 1954 முதல் 1959 வரை ஸ்ட்ராட் நெக் முழுக்க ஒரே மேப்பிள் துண்டு. 1959 நடுவில் ரோஸ்வுட் வந்தது. முதலில் அடிப்பக்கம் தட்டையான தடிப் பலகை, 1962இல் வளைவோடு ஒட்டிய மெல்லிய தகடு. நெக்கின் அடிமுனையைப் பக்கவாட்டில் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். பிக்கார்டும் (பாடியின் முன்பக்கம் திருகிய பிளாஸ்டிக் தகடு) பேசும்: ஆரம்பத்தில் ஓரடுக்கு, எட்டுத் திருகாணி, 1959இலிருந்து மூன்றடுக்கு, பதினோரு திருகாணி. பிக்கப்பில் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தக் கருவி) காந்தத் தண்டுகள் ஏறி இறங்கியிருந்தது மாறி, 1974க்குப் பிறகு எல்லாம் ஒரே மட்டத்தில் வந்தன. விரலால் தடவியே சொல்லிவிடலாம்.

கிப்சனில் நெக் ஒட்டப்பட்டிருக்கும், ஆகவே கழற்ற முடியாது. அதற்குப் பதில் ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். நட்டுக்கு நேர் பின்னால் மரம் ஒரு சிறு திமில் போலப் புடைத்திருந்தால் அதை வால்யூட் என்பார்கள். 1969 கடைசி முதல் 1981 வரை லெஸ் பால், எஸ்ஜி மாடல்களில் இது சாதாரணம். அதே காலத்து லெஸ் பாலின் பக்கவாட்டைப் பாருங்கள்: உடல் நடுவே மெல்லிய கோடு போல இன்னொரு மர அடுக்கு ஓடினால் அது 'பேன்கேக்' பாடி. இந்த இரண்டும் நார்லின் நிறுவனம் கிப்சனை நடத்திய காலத்தின் முத்திரைகள். முன்பு பலர் இவற்றை இளக்காரமாகப் பேசுவார்கள். எனக்கென்னவோ வால்யூட் இருக்கும் நெக் ஹெட்ஸ்டாக்கில் உடைவது குறைவு என்பதால் பிடிக்கும்.

போலிக் கிப்சன்களைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் சின்ன விஷயங்கள். ட்ரஸ் ராடை மூடும் கறுப்பு மூடியில் கிப்சன் இரண்டு திருகாணிதான் வைக்கும். மூன்று இருந்தால் கிட்டாரைக் கீழே வைத்துவிடலாம். லெஸ் பால் ஸ்டாண்டர்ட், கஸ்டம் போன்றவற்றில் ஃபிரெட் முனையைப் பார்க்கும்போது, ஃபிரெட் பைண்டிங்கின் (நெக்கின் ஓரத்தில் ஒட்டிய பட்டை) மேல் ஏறி நிற்காமல் பைண்டிங்கே ஃபிரெட் முனையைச் சிறு பல் போல மூடியிருந்தால் பழைய கிப்சன் முறை.

படி 4: ஒரு அடையாளத்திலேயே பிடிபடும் மாடல்கள்

நிறுத்தப்பட்ட மாடல்கள் பல, விற்காமல் போன விசித்திரங்கள். அவற்றைக் கண்டுபிடிப்பது உண்மையில் எளிது, ஏனென்றால் வேறெதுவும் அப்படி இருக்காது.

கிப்சன் எல்6-எஸ்: பில் லாரன்ஸ் வடிவமைத்தது, 1970களின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. 24 ஃபிரெட், பிக்கப்பை மாற்ற ஆறு நிலைகள் உள்ள வட்டச் சுழல் ஸ்விட்ச். கிப்சனில் இப்படிச் சுழற்றும் ஸ்விட்ச் பார்த்தால் முதலில் இதை நினைக்கலாம். மராடர்: லெஸ் பால் போன்ற உடல், ஆனால் போல்ட் போட்ட நெக், ஃப்ளையிங் வி போன்ற கூரான ஹெட்ஸ்டாக். ஆர்டி ஆர்டிஸ்ட்: உள்ளே பெரிய சர்க்யூட் போர்டும் பேட்டரியும், அந்தச் சர்க்யூட்டை உருவாக்கியவர் சிந்தசைசர் புகழ் பாப் மோக். அப்போது மோக் நிறுவனமும் நார்லின் கையில் இருந்தது. சோனெக்ஸ்-180: உடலில் மரத்தைச் சுற்றி ரெசன்வுட் என்ற செயற்கைக் கலவை, 1980களின் தொடக்கம்.

ஃபெண்டர் பக்கம் எனக்கு மிகவும் பிடித்தது 1969இல் வந்த கஸ்டம். மாவெரிக் என்றும் பெயர். அதற்கு முன் பன்னிரண்டு கம்பி எலெக்ட்ரிக் XII சரியாக விற்காமல் பாடியும் நெக்கும் தேங்கிப்போயின. அவற்றை வீணாக்காமல் உடலின் விளிம்பை வேறு வடிவத்தில் வெட்டி, ஹெட்ஸ்டாக்கின் கூடுதல் ட்யூனர் துளைகளை மரக்குச்சியால் அடைத்து, ஆறு கம்பி கிட்டாராக விற்றுவிட்டார்கள். பின்புறம் திருப்பினால் அந்த அடைப்புகள் இன்றும் வட்ட வட்டமாகத் தெரியும். என் கிட்டாரில் ஏமாற்றின் அடையாளமாக இருந்த அதே அடைப்பு இங்கே அசலின் சான்று. துளையைப் பார்த்தவுடன் தீர்ப்பு சொல்லாமல் எந்த மாடலில் பார்க்கிறோம் என்று யோசிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

அதே வருஷத்து ஸ்விங்கர் மிச்சமிருந்த பேஸ் V உடலை வெட்டிச் செய்தது, ஈட்டி போன்ற ஹெட்ஸ்டாக். 1979 முதல் 1982 வரை வந்த லீட் I, லீட் II வேறு கதை: நேர்த்தியான, எளிய கிட்டார்கள். லீட் Iஇல் ஒரு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்), லீட் IIஇல் இரண்டு சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்). இவற்றுக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

படி 5: இப்போது சீரியல் நம்பர்

ஃபெண்டர் 1976இல் நம்பரை நெக் தகட்டிலிருந்து ஹெட்ஸ்டாக்குக்கு மாற்றியது. எஸ் என்றால் எழுபதுகள், இ என்றால் எண்பதுகள், என் என்றால் தொண்ணூறுகள். அடுத்த இலக்கம் வருஷத்தின் கடைசி எண். எஸ்9 என்றால் 1979. ஆனால் முன்கூட்டியே அச்சடித்த ஸ்டிக்கர்கள் தீரும்வரை ஒட்டப்பட்டன, அதனால் ஒன்றிரண்டு வருஷம் முன்பின் இருக்கும்.

இதில் பெரிய குழி ஒன்று உண்டு. நண்பர் ஒருவர் இ7 என்று தொடங்கும் ஸ்ட்ராட்டோடு வந்தார். "அமெரிக்காவில் 1987இல் செய்தது" என்று தேடிப் பார்த்துச் சொன்னார். நெக்கின் பின்பக்கம், பாடியைத் தொடும் இடத்துக்குச் சற்று மேலே டார்ச் அடித்தேன். பாதி தேய்ந்து 'மேட் இன் ஜப்பான்'. ஃபெண்டர் ஜப்பானும் இ என்ற எழுத்தையும் ஆறு இலக்கத்தையும் பயன்படுத்தியது, 1984 முதல் 1987 வரை. அங்கே அந்த 7க்கு வருஷத்தோடு சம்பந்தம் இல்லை. நாட்டின் பெயரைப் படிக்காமல் எழுத்தை மட்டும் படித்தால் இப்படித்தான் ஆகும்.

கிப்சனில் 1977 முதல் எட்டு இலக்க முறை. முதல் இலக்கமும் ஐந்தாவதும் சேர்ந்தால் வருஷம். நடுவில் இரண்டு முதல் நான்கு வரை வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது. கடைசி மூன்று அன்றைய வரிசை எண். 82765512 என்று வைத்துக்கொள்ளுங்கள்: 8ம் 5ம் சேர்ந்து 1985, 276வது நாள், அதாவது அக்டோபர் 3, வரிசை 512. அக்காலத்தில் 500க்கு மேல் நாஷ்வில் தொழிற்சாலை, அதற்குக் கீழே கலமசூ. கலமசூ 1984இல் மூடப்பட்டுவிட்டது. ஆகவே 1985 என்று சொல்லும் நம்பரின் கடைசி மூன்று இலக்கம் 120 என்று இருந்தால், எங்கோ தப்பு.

1970 முதல் 1975 வரையிலான கிப்சன் நம்பர்கள் வெறும் தலைவலி. அதே ஆறு இலக்க நம்பர்கள் 1960களிலும் வந்திருக்கும். இங்கேதான் படி 3 கைகொடுக்கும்: நம்பருக்குக் கீழே 'மேட் இன் யுஎஸ்ஏ' என்ற முத்திரை இருந்தால், கூடவே வால்யூட் இருந்தால், அது எழுபதுகள்.

ஐபனீஸ் ஒழுங்கான பிள்ளை. 1975 முதல் 1986 வரை ஒரு எழுத்தும் ஆறு இலக்கமும்: எழுத்து மாதம் (ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர்), முதல் இரண்டு இலக்கம் வருஷம். டி79 என்று தொடங்கினால் 1979 ஏப்ரல். 1987இலிருந்து எஃப் என்பது ஃபுஜிகென் தொழிற்சாலை. அதன்பின் ஓர் இலக்கம் வருஷம், ஐந்து இலக்கம் வரிசை. 1997இலிருந்து வருஷத்துக்கு இரண்டு இலக்கம். ஆக, எஃப்0 என்று தொடங்கினால் இலக்கங்களை எண்ணுங்கள்: ஆறு இருந்தால் 1990, ஏழு இருந்தால் 2000 அல்லது அதற்குப் பிறகு.

படி 6: ஜப்பானிய மாடல் எண்களின் ரகசியம்

ஃபெண்டர் ஜப்பான் 1982 மார்ச்சில் தொடங்கியது. ஆரம்ப காலக் கிட்டார்களைச் செய்தது நாகானோ மாகாணம் மாட்சுமோட்டோ நகரின் ஃபுஜிகென். ஜேவி என்று தொடங்கும் நம்பர்கள் 1982 முதல் 1984 வரை. எஸ்க்யூ 1983, 1984. ஃபெண்டரின் துணைப் பிராண்டான ஸ்குவையரின் முதல் கிட்டார்கள் இந்தக் காலத்தவை. இன்று 'ஸ்குவையர் என்றால் மலிவு' என்று நினைப்பவர்கள் ஜேவி ஸ்குவையரைப் பார்த்தால் விலையைக் கேட்டு அதிர்ந்துபோவார்கள். எண்பதுகளின் இறுதியில் ஸ்குவையர் II என்ற பெயரில் வந்தவை கொரியாவிலும், சில நம் இந்தியாவிலும் தயாரானவை; ஹெட்ஸ்டாக்கில் 'மேட் இன் இந்தியா' என்று பார்த்துச் சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள், அதுவும் ஒரு நிறுத்தப்பட்ட மாடல்தான்.

ஜப்பான் உள்நாட்டுச் சந்தை மாடல் பெயர்கள் விலைப்பட்டியலையே சொல்லும். எஸ்டி62-65 என்றால்: ஸ்ட்ராட், 1962 வடிவத்தின் மறுபதிப்பு, விலை 65,000 யென். எஸ்டி62-115 என்றால் 1,15,000 யென், அதாவது அதைவிட உயர்ந்த ரகம். டோகாய், கிரெகோ கிட்டார்களிலும் இதே வழக்கம்: டோகாய் எஸ்டி50 என்றால் 50,000 யென். '62' என்பதைப் பார்த்து 1962இல் செய்தது என்று விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

'லாசூட்' (வழக்கு) கிட்டார் என்ற சொல்லையும் இங்கே தீர்த்துவிடலாம். 1977இல் நார்லின், ஐபனீஸின் அமெரிக்க விநியோகஸ்தரான எல்ஜர் மேல் வழக்குப் போட்டது. பிரச்சினை கிப்சனின் திறந்த புத்தக வடிவ ஹெட்ஸ்டாக்கைப் பற்றியது. வழக்கு அந்த ஒரு நிறுவனத்தின் மேல்தான். எழுபதுகளின் எந்த ஜப்பானியக் கிட்டாரையும் லாசூட் என்று சொல்லி விலை ஏற்றுவது வியாபாரத் தந்திரம்.

படி 7: திறந்து பார்ப்பது

முதல் ஃபிரெட்டில் கேப்போ மாட்டி, கம்பிகளைத் தளர்த்திய பிறகு நெக் போல்ட்டைக் கழற்றுங்கள். பழைய ஃபெண்டரில் நெக்கின் அடிமுனையில் பென்சிலால் அல்லது ரப்பர் முத்திரையாக மாதமும் வருஷமும் இருக்கும். பக்கத்தில் உள்ள பி போன்ற எழுத்து நெக்கின் அகலத்தைக் குறிக்கிறது. பலர் அதை மாடல் என்று தப்பாகப் படிப்பதுண்டு.

பிறகு பிக்கார்டைத் திறந்து வால்யூம், டோன் பாட்களின் (குமிழ்களுக்கு அடியில் உள்ள சுழல் பாகங்கள்) முதுகைப் பாருங்கள். 1377632 என்று இருந்தால்: 137 என்பது சிடிஎஸ் நிறுவனம், 76 வருஷம், 32 வாரம். 304 என்றால் ஸ்டாக்போல். இந்தத் தேதி கிட்டார் அதற்கு முன்னால் செய்யப்படவில்லை என்று மட்டும்தான் சொல்லும். 1966இல் ஃபெண்டர் பாட்களை மொத்தமாக வாங்கிக் குவித்துப் பல வருஷம் பயன்படுத்தியது. அதனால் 66 தேதியுள்ள பாட் 1968 கிட்டாரில் இருந்தால் ஆச்சரியம் இல்லை. 1964 கிட்டாரில் இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். சாலிடர் இடத்தைக் கவனியுங்கள்: தொழிற்சாலைச் சாலிடர் மங்கலாக, ஒரே மாதிரி இருக்கும்.

கிப்சன் ஹம்பக்கரின் அடியில் உள்ள காப்புரிமை எண்ணைப் பற்றி ஒரு வேடிக்கை. பல வருஷம் அதில் ஒட்டிய 2,737,842 என்ற எண் பிக்கப்பின் காப்புரிமையே இல்லை. லெஸ் பாலின் பழைய பிரிட்ஜ் அமைப்புக்கு வாங்கியது. அசல் எண்ணைத் தேடி வேறு எண் கிடைத்ததே என்று குழம்பினால், அதுதான் அசல்.

மூடும்போது திருகாணியை முதலில் எதிர்த்திசையில் மெல்லத் திருப்புங்கள். 'டக்' என்று பழைய தடத்தில் விழும். அதன்பின் முறுக்குங்கள். இல்லாவிட்டால் புதுத் தடம் வெட்டி மரம் பொரிந்துபோகும்.

படி 8: அசலா, மறுபதிப்பா

நிறுத்தப்பட்ட மாடல் புகழ் பெற்றால் கம்பெனி அதை மறுபடி கொண்டுவரும். ஐபனீஸ் ஆர்ஜி550 அப்படித்தான். 1987இல் வந்து 1994இல் நின்றது. பிரகாசமான மஞ்சளோ சிவப்போ, மேப்பிள் ஃபிரெட்போர்டு, 24 ஃபிரெட், நடுவே ஒரு சிங்கிள் காயில், இரு பக்கம் ஹம்பக்கர், எட்ஜ் பிரிட்ஜ். 2018இல் ஜெனசிஸ் வரிசையில் அதே தோற்றத்தில் திரும்பி வந்தது. படத்தில் முன்பக்கம் மட்டும் பார்த்தால் குழப்பம் வரும். பின்பக்கம் கேளுங்கள்: நெக் நீளத்துக்கு வால்நட் மரக் கோடுகள் ஓடினால் அது ஐந்து துண்டு நெக், புதியது. தெளிந்த மேப்பிளும், பாடியைச் சேரும் இடத்தில் சதுர உலோகத் தகடும் அதில் எஃப் நம்பரும் இருந்தால் பழைய அசல் என்று நம்பலாம்.

படி 9: எழுதி வையுங்கள்

ஒரு தாளில் ஸ்கேல், போல்ட் எண்ணிக்கை, சீரியல், நெக் அடிமுனைத் தேதி, இரண்டு பாட் தேதிகள், மாற்றப்பட்டவை என்று சந்தேகிப்பவை எல்லாவற்றையும் எழுதி, எடுத்த படங்களின் தேதியோடு கிட்டார் உறைக்குள் வையுங்கள். எந்தத் தகவல் வேறொன்றோடு முரண்படுகிறதோ அதற்கு அடியில் கோடு போடுங்கள். விற்கும்போது அந்தத் தாளையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். எனக்கு விற்றவரிடம் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால், அந்த நான்கு துளைகளைப் பற்றி அதில் எழுதியிருப்பாரா என்பது வேறு விஷயம்.